எழுபத்து மூன்றாம் இணைப்பு

மணி ஒன்று ஐந்து. சர்வர் அறையின் குளிரில் செண்பகவல்லி தன் சாம்பல் நிற ஸ்வெட்டரின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டாள், மேலிருந்து தொடங்கினால் எப்போதும் ஒரு பொத்தான் மிஞ்சிவிடுகிறது, அது என்ன வித்தையோ. திருநெல்வேலியில் ஸ்வெட்டர் வைத்துக்கொண்டு அதைத் தினமும் போடுகிற ஒரே மனுஷி அவளாகத்தான் இருக்க வேண்டும். வெளியே ஆவணி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது, உள்ளே பதினெட்டு டிகிரி, பெட்டிகளுக்கு அதுதான் சுகம், பெட்டிகளின் சுகத்தைப் பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம். ஸ்வெட்டர் அவள் புருஷன் உலகநாதன் வாங்கி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போனவர், வர்க்கி பிஸ்கட்டோடு இதையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டார். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த மனுஷர் அளவு சரியாகப் பார்த்து வாங்கிய ஒரே துணி. அதை நினைத்தாலே பாதிக் குளிர் போய்விடும். பசித்தது, ஆனால் நல்ல பசி, மேஜை இழுப்பறையில் தயிர்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே பசிக்கிற பசி. முதலில் இதை முடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், கண் ஆஸ்பத்திரி முழுக்கச் சோம்பிக் கிடக்கும் ஒரே மணி நேரம், அதற்குள் டேட்டாபேஸைச் சுருக்கியாக வேண்டும். இரண்டு மணிக்கு முகாம் பஸ்கள் வந்துவிடும், நூற்றி முப்பது பேர், எல்லாம் கண்புரைக்காரர்கள், காலையிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வருகிறவர்கள். அவர்கள் பெயரை எழுத டிஸ்கில் இடம் இல்லை. போன வாரம் பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி ஆறு வருஷப் பழைய பதிவுகளை, யார் எந்தப் பொத்தானை எப்போது அமுக்கினார்கள் என்று ஒருவரும் படிக்காத பதிவுகளை, அள்ளி அழித்துவிட்டாள்தான். ஆனால் அழித்தால் இடம் வந்துவிடுமா. பீரோவைக் காலி செய்தாலும் பீரோ அறையில் அதே இடத்தைத்தானே அடைத்துக்கொண்டு நிற்கும். பீரோவையே சின்னதாக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் சுருக்குவது. ஆட்கள் உள்ளே இருக்கும்போதும் சுருக்கலாம், ஆனால் நகர்த்த வேண்டிய பக்கத்தை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் வேலை அங்கேயே கல்லுப்பிள்ளையாராக நின்றுவிடும். ஆகவே எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரே ஓர் ஆள், அவள் மட்டும், உள்ளே இருக்க வேண்டும். ஒரு மணிக்கே ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று, எல்லோரும் உங்கள் திரையை மூடுங்கள் என்று. அவள் குரல் ஒலிபெருக்கியில் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் கேட்கும். அவளுக்கே அது பிடிக்காது.

திரையில் இணைப்புகளின் பட்டியல் ஒவ்வொன்றாய்க் குறைந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்று இருந்தது, முப்பது, இருபத்தாறு. எல்லா வரியிலும் ஒரே பெயர்தான், கவுண்டர், கவுண்டர், கவுண்டர். ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல், அதுவும் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஆளுக்கொரு பெயர் கொடுத்துப் பார்த்தாள், நான்கே நாளில் எல்லோரும் மறந்துவிட்டு வரிசையாக வந்து நின்றார்கள், விட்டுவிட்டாள். படித்த படிப்புக்கு இது பெரிய பாவம்தான். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் பெயரில்லாமலே ஆளை அடையாளம் காணப் பழகிவிட்டாள், அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வமும் உண்டு. ஒரே நோயாளியை மூன்று எழுத்துப் பிழையோடு மூன்று முறை தேடினால் அது இரண்டாம் கவுண்டர் மாரித்தங்கம். பதினொன்றரைக்குச் சரியாகப் பத்து நிமிஷம் அசைவே இல்லாமல் கிடந்தால் அது கண்ணாடிக் கடை ஜமால் பாய், டீ குடிக்கப் போயிருக்கிறார். முகங்களை இத்தனை உன்னிப்பாக அவள் பார்ப்பதில்லை, வரிகளைப் பார்க்கிறாள். இதோ ஜமால் பாய் போய்விட்டார், மருந்துக்கடை போய்விட்டது, மாரித்தங்கம் மூடினாள், மறுபடி திறந்தாள், ஏதோ ஞாபகம் வந்திருக்கும், மூடிவிட்டாள். நடுநடுவே ஒரு வரி மினுக்கென்று வந்து மறைந்துகொண்டிருந்தது, அது பெரிய கூடத்தில் தொங்குகிற டோக்கன் பலகை, ஒரு டிவிப் பெட்டிதான், மூன்று நொடிக்கு ஒரு தரம் அடுத்த எண் என்ன என்று எட்டிக் கேட்டுவிட்டு ஓடிப்போகும். சுவர்ப் பல்லி மாதிரி அது எப்போதும் அங்கே இருக்கும், அதை யார் எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். ஒன்பது, ஐந்து, இரண்டு. ஒன்று. அந்த ஒன்று போகவில்லை. எண் எழுபத்து மூன்று. இயந்திரத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அளவு அறை. கிளாடிஸ்.

ஒன்று பன்னிரண்டு. எழுபத்து மூன்று தூங்குவது போலக் கிடந்தது, ஆனால் உள்ளே முடியாத வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. கிளாடிஸின் வழக்கம் அதுதான். கண்புரை அறுவைக்கு முன்னால் ஒவ்வொரு கண்ணின் நீளத்தையும் அவள்தான் அளக்கிறாள், அந்த அளவை வைத்துத்தான் உள்ளே வைக்கும் லென்ஸ். ஒரு புள்ளி தவறினாலும் ஒரு மனுஷன் மீதி ஆயுசுக்கும் உலகத்தை மங்கலாகப் பார்ப்பான். ஆகவே ஆளுக்கு ஆள் சேமிக்கமாட்டாள். மொத்தப் பேரையும் அடித்து முடித்து, காகிதத்தை வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத்தொட்டு ஒரு தரம், கீழிருந்து மேலே இன்னொரு தரம் சரிபார்த்து, அதற்கப்புறம்தான் சேமிக்கும் பொத்தான். அவள் கேட்டாள் என்று அந்தத் திரையை அப்படி எழுதிக் கொடுத்ததே செண்பகவல்லிதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. தை மாதம், இதே போல் ஒரு சாப்பாட்டு நேரம், இதே போல் ஒரு ஒற்றை வரி, அன்று அவசரம், துரத்து என்று கட்டளை அடித்துவிட்டாள். ஒரே சொல், ஒரு எண். இருபத்தாறு பேருடைய கண்கள் போய்விட்டன, அதாவது அளவுகள். இருபத்துநான்கு பேரை மறுபடி உட்காரவைத்து அளந்தார்கள். இரண்டு பேர் ஊருக்கே போய்விட்டார்கள், மறுநாள் விடியற்காலையில் கிளாடிஸ் கையடக்கக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துச் சுரண்டைக்குப் போய் வீட்டு வாசலில் வைத்து அளந்துகொண்டு வந்தாள். திரும்பி வந்தவள் சண்டை போட்டிருக்கலாம். இந்த அறை வாசலில் வந்து நின்றாள், அவ்வளவுதான், முகம் வெயிலில் கறுத்துப்போயிருந்தது. அப்போது செண்பகவல்லி சொன்னாள், அறிவிப்புச் செய்தேனே. அந்த இரண்டு சொல். அதை எங்கிருந்து எடுத்தாள், யார் கேட்டார்கள் அதை. மன்னிச்சுக்கோ என்பதும் அதே அளவுதான் இருக்கும், அதே மூச்சுதான் செலவாகும், நாக்கு என்னவோ இதைத்தான் எடுத்தது. அன்றிலிருந்து கிளாடிஸ் டிபன் டப்பாவை அளவு அறையிலேயே திறக்கிறாள். பதினொரு வருஷம் இந்த மேஜையில் சேர்ந்து சாப்பிட்டவள், குளிர் தாங்காமல் புடவைத் தலைப்பைக் காதுவரை போர்த்திக்கொண்டு, ஏட்டி உன் பெட்டிக்கு ஒரு கம்பளி வாங்கிப் போர்த்திவிடேன் என்று கேலி செய்தவள், இப்போது நடையில் எதிர்ப்பட்டால் மேடம் என்கிறாள். மரியாதையாய்ச் சொல்லுகிற அந்த மேடத்துக்கு அவள் ஏசியிருந்தால் தேவலை. எட்டு மாதமாகச் செண்பகவல்லிக்குக் கிளாடிஸ் என்றால் இந்த ஒரு வரிதான், காலை எட்டே முக்காலுக்கு வரும், மாலை ஐந்துக்குப் போகும், உடம்பு சரியில்லாத அன்றைக்கு வராது, அன்றைக்கெல்லாம் இவளும் பட்டியலைப் பத்துத் தரம் பார்ப்பாள். இன்றைக்கும் அறிவிப்புச் செய்தாயிற்று. அறிவிப்புச் செய்தேனே என்று இன்றைக்கும் சொல்லலாம், சட்டப்படி சரி. விரல் தானாகவே துரத்தும் கட்டளையை அடித்து எழுபத்து மூன்று என்று எண்ணையும் போட்டுவைத்திருந்தது. அனுப்ப ஒரு தட்டல்தான் பாக்கி. இரண்டு மணிக்குப் பஸ் வரும். நூற்றி முப்பது பேர். அவர்களையும் நிற்கவைக்க முடியாது, இவளையும் மறுபடி, இல்லை, மறுபடி மட்டும் முடியாது. அடித்ததை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தாள். உள்தொலைபேசியை எடுத்தாள். இருநூற்றுப் பதினான்கு. எட்டு மாதத்தில் அடிக்காத எண், விரலுக்கு மறக்கவில்லை. மணி அடித்தது, ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"அளவு அறை."

"நான்தான். செண்பகம். உன் திரை இன்னும் திறந்திருக்கு."

 காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நாலு பேரு பாக்கி இருக்கு மேடம். சரிபாக்கணும். அறுத்து விடப் போறீங்களா?"

"இல்ல. நீ முடி. நான் காத்திருக்கேன்."

போனை வைத்தாள். காத்திருக்கேன் என்று வாயால் சொல்வது சுலபம். கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், திரையின் மூலையிலேயே அது இருந்தது. நாலு பேர், எட்டுக் கண், விரலால் தொட்டு மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். அவசரப்படுவாளோ. தன்னால் அவசரப்பட்டு ஒரு புள்ளியை விட்டுவிடுவாளோ. மாட்டாள், தலையே போனாலும் கிளாடிஸ் விரலை வேகமாக நகர்த்தமாட்டாள், சாப்பிடும்போதும் அப்படித்தான், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் டப்பாவின் ஓரத்தை வழித்து, அதற்குள் இவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். பெட்டிகளின் விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. இந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் உலகநாதன் குறட்டை விடும்போது வருகிற அதே நிம்மதி, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, எதுவும் நின்றுவிடவில்லை என்கிற நிம்மதி. உண்மையில் அவளுக்கு என்ன குறை. வேலை தெரிந்த வேலை. மகள் மதுரையில் படிக்கிறாள், வாரம் ஒரு முறை பேசுகிறாள், பேசும்போது சிரிக்கிறாள். முழங்கால் மட்டும் படியேறும்போது இழுக்கிறது. இந்த அறையில் இன்னொரு நாற்காலி இருக்கிறது, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் எட்டு மாதமாகப் பழைய கேபிள் சுருள்களைப் போட்டு வைத்திருக்கிறாள், நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்ப்பதைவிட அது பரவாயில்லை என்று. எவ்வளவு சுருக்குவது என்று யோசித்தாள், அந்த நாற்காலியைப் பார்க்காமல். ஒட்டப் பிழியக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒட்டப் பிழிந்தாள், ஒரு துளி இடம் மிச்சம் வைக்காமல், பெருமையாகத்தான் இருந்தது, மறுநாள் காலையில் பத்துப் பேர் பதிந்ததுமே அது மூச்சுத் திணறி மறுபடி வீங்கத் தொடங்கியது, வீங்குகிற ஒவ்வொரு தரமும் எல்லோரும் நின்றார்கள். வளர இடம் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் கொஞ்சம் காலி இடம் வேண்டும், உள்ளே. திரை மினுங்கியது. ஒன்று இருபத்துநான்கு. எழுபத்து மூன்று இல்லை. போய்விட்டது, தானாக, முடித்துவிட்டு. அந்தக் காலி வரியைப் பார்த்தபோது சாப்பிட்டு முடித்தது போல வயிறு நிறைந்தது.

அந்த நிறைவில்தான் புத்தி கொஞ்சம் அயர்ந்தது. ஒற்றை ஆள் நிலை என்று கட்டளை கொடுத்தாள், சரி என்றது. இனி உள்ளே ஒரே ஒரு நாற்காலிதான், அதில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்திருப்பவள் எழுந்திருக்கக்கூடாது, இதுதான் முதல் பாடம், இந்தத் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். ஆனால் ஒரு வேலை முடிந்ததும் திரையில் அதன் ஜன்னலை மூடுவது அவளுக்கு அம்மா வழி வந்த பழக்கம், அடுப்பை அணைத்ததும் கரித்துணியை மடித்து வைப்பது போல. ஜன்னலை மூடினாள், சுருக்குவதற்குப் புதிய ஜன்னல் திறந்தாள். உள்ளே விடவில்லை. ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்றது. யார், யார் இருக்கிறார், எல்லோரும் போய்விட்டார்களே என்று அவள் ஒரு முழு நொடி உண்மையாகவே பயந்தாள், அப்புறம் புரிந்தது, பல்லி. டோக்கன் பலகை. அவள் எழுந்த அந்த மூன்று நொடிக்குள் எட்டிப் பார்த்த டோக்கன் பலகை, நாற்காலி காலியாக இருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்துவிட்டது. அதைத் துரத்தினாள். துரத்திவிட்டு இவள் உள்ளே போவதற்குள் அது மறுபடி வந்தது. மறுபடி துரத்தினாள், மறுபடி வந்தது, அதற்குக் களைப்பில்லை, பசியில்லை, மூன்று நொடிக்கு ஒரு தரம் கேட்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. ஒன்று முப்பத்திரண்டு. கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது, பதினெட்டு டிகிரியில். ஆஸ்பத்திரி முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது, சாவி ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் கையில். பலகையின் சுவிட்சை அணைத்தால் போதும், ஆனால் அது கூடத்தில் இருக்கிறது, இரண்டு மாடி இறங்க வேண்டும், இந்த முழங்காலோடு இறங்கி ஏறினால் பத்து நிமிஷம் போய்விடும். காவலாளி சாப்பாட்டுக்குப் போயிருப்பார், அவர் நாற்காலிக்கு எதிரே இருக்கிற போனை அடித்துப் பார்த்தாள், அடித்துக்கொண்டே இருந்தது. கூடத்தை ஒட்டி இருக்கிற அறை எது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கண்ணாடிக் கடையை அடித்தாள், ஜமால் பாயும் இல்லை. மாரித்தங்கமும் இல்லை. இன்னொரு எண்தான். பன்னிரண்டு வருஷ அனுபவம், ஒரு கத்துக்குட்டி செய்கிற தவறு, அதையும் போய் அவளிடமா சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்ல. இருநூற்றுப் பதினான்கு. இந்தத் தடவை இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"நான்தான் மறுபடியும். ஒரு தப்புப் பண்ணிட்டேன், கிளாடிஸ். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு நானே வெளிய நின்னுட்டேன். டோக்கன் பலகை உள்ள போய் உக்காந்துக்கிட்டுது. அதை அணைக்கணும், பலகைக்குப் பின்னால சுவிட்சு இருக்கு."

 மூன்று நொடி, ஆறு நொடி, அதற்குள் பலகை இரண்டு தரம் கேட்டிருக்கும்.

"ஏன், டோக்கன் பலகைக்கு நீங்க அறிவிப்புச் செய்யலையா மேடம்?"

செண்பகவல்லிக்கு முகம் சூடாகியது. கண்ணிலும் என்னவோ வந்தது. அவள் அந்தச் சொல்லை எட்டு மாதமாக வைத்திருந்திருக்கிறாள், இவளைப் போலவே.

"செஞ்சேன். அன்னைக்கும் அது ஒண்ணைத்தான் செஞ்சேன். உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும். பண்ணல. நீ சுரண்டைக்குப் போயிட்டு வந்து நின்ன அன்னைக்காவது தப்பு என்னுதுன்னு சொல்லியிருக்கணும். அதையும் சொல்லல. இப்ப சொல்லுதேன்."

 ரிசீவரை வைத்த சத்தம்கூட இல்லை, மேஜை மேல் கிடத்தியிருக்கிறாள். நாற்காலி பின்னால் நகர்வது கேட்டது, செருப்புச் சத்தம் தூரமாகப் போனது, கூடத்தின் காலியான எதிரொலியில் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. செண்பகவல்லி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்விட்டாளோ, சாப்பிட வெளியே போய்விட்டாளோ, போனாலும் ஏன் என்று கேட்க முடியாது. உயரமான பலகை, கிளாடிஸ் குட்டை, பெஞ்சை இழுத்துப் போட்டுத்தான் ஏற வேண்டும், அவளுக்கும் நாற்பத்தெட்டு வயசு, விழுந்து வைத்தால். இழுத்தாள். பெஞ்சு தரையில் கிறீச்சிடும் சத்தம் தூரத்திலிருந்து ரிசீவருக்குள் வந்தது, இதுவரை கேட்ட சங்கீதமெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது. திரையில் அந்த வரி அணைந்தது. மூன்று நொடி. ஆறு. வரவில்லை. செண்பகவல்லி உள்ளே போய் உட்கார்ந்தாள், இனி ராஜாவே வந்தாலும் எழுந்திருக்கமாட்டாள், வளர இடம் விட்டு அளவைக் கொடுத்துச் சுருக்கத் தொடங்கினாள். ஒன்று முப்பத்தெட்டு.

நான்கு சதவீதம், பதினொன்று, பதினொன்றிலேயே நின்றது. இதுதான் இதன் குணம், ஓடும், நிற்கும், ஏன் நிற்கிறது என்று சொல்லாது. உள்ளே பக்கங்களைக் கடைசியிலிருந்து எடுத்து முன்னால் காலியாக இருக்கிற பொந்துகளில் அடைத்துக்கொண்டிருக்கும், வரிசை கலையும், அதை ஞாயிற்றுக்கிழமை வந்து அடுக்கிக் கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் வாலை வெட்டுவது கடைசியில்தான், வெட்டினால்தான் இடம். முப்பது. முப்பத்தொன்று. இரண்டு மணிக்கு முடியாவிட்டால், கூடத்தில் நூற்றி முப்பது பேர், இருட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு. போனை இன்னும் வைக்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தாள், வைத்தாள்.  நன்றி என்று சொல்லவும் ஆள் இல்லை. சரி. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கேட்டாளா கேட்கவில்லையா என்பது அவள் பாடு, பாதியிலேயே ரிசீவரைக் கிடத்தியிருந்தாலும் கிடத்தியிருக்கலாம், சொன்னது மேஜைக்குத்தான் கேட்டிருக்கும். அறுபத்தேழு. ஓடத் தொடங்கிவிட்டது. எண்பது. அப்போது கதவைத் தட்டினார்கள். தட்டிவிட்டுக் காத்திருக்காமல் திறந்துகொண்டு வருகிற தட்டல்.

கிளாடிஸ் டிபன் டப்பாவோடு நின்றாள். பலகையின் பின்னால் ஆறு வருஷமாகச் சேர்ந்திருந்த ஒட்டடை அவள் முன்நெற்றி முடியில் தொங்கியது. சிவப்பு நாற்காலியைப் பார்த்தாள், அதன் மேல் கிடந்த கேபிள் சுருள்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள், அவசரமே இல்லாமல். உட்கார்ந்து புடவைத் தலைப்பைக் காதுவரை போர்த்திக்கொண்டாள்.

"திரையை நீ மூடிட்ட. அங்க உக்காந்து நான் என்ன செய்ய? சாப்பாட்டை எடு, ஏட்டி."

செண்பகவல்லி இழுப்பறையைத் திறந்தாள். கத்தரிக்காய்ப் பொரியலைப் பார்த்ததும் கிளாடிஸ் கேட்காமலே பாதியை எடுத்துக்கொண்டாள், தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வறுத்த மீனை இவள் பக்கம் நகர்த்தி, நீதான் வெள்ளிக்கிழமை தொடமாட்டியே என்று திரும்ப எடுத்துக்கொண்டாள். சுரண்டையில் அளந்த இரண்டு பேரில் ஒருவர் இப்போது நன்றாகப் பார்க்கிறாராம், போன மாதம் வந்தவர் பேப்பர் படித்துக் காட்டினாராம். இதை ஏன் முன்னமே என்னிடம் சொல்லவில்லை என்று செண்பகவல்லி கேட்கவில்லை. ஒன்று ஐம்பத்துமூன்றுக்கு நூறு சதவீதம் வந்தது, வால் விழுந்தது, டிஸ்கில் கால் பங்கு வெறிச்சென்று காலியானது. எல்லோரும் வரலாம் என்று கட்டளை கொடுத்து, ஒலிபெருக்கியில் சொல்லி, காவலாளியைப் பிடித்துப் பலகையின் சுவிட்சைப் போடச் சொன்னாள். வரிகள் வரத் தொடங்கின. மாரித்தங்கம் வந்தாள், ஜமால் பாய் வந்தார், மருந்துக்கடை வந்தது, பல்லி மினுக்கென்று எட்டிப் பார்த்துப் போனது. முப்பது, முப்பத்தாறு, நாற்பது. நாற்பதோடு நின்றது. பழக்கத்தில் செண்பகவல்லியின் கண் பட்டியலில் அளவு அறையைத் தேடியது, ஏன் இன்னும் வரவில்லை என்று மறுபடி மேலிருந்து பார்த்தது. அப்புறம் பக்கத்தில் டப்பாவின் ஓரத்தை விரலால் வழிக்கும் சத்தம் கேட்டது.